பசிக்குக் கூலி பாக்கி வைக்காதே

கீழ்புத்துப்பட்டு,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. நானும் மாமாவும் நலம். உன் நலமறிய ஆவல் என்று எழுத வேண்டியதில்லை, போன புதன்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு நீ அனுப்பிய குரல் பதிவிலேயே உன் நலம் தெரிந்துவிட்டது. போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினாய். பின்னால் பிஸ்கட் பாக்கெட் கசங்கும் சத்தம் கேட்டது.

"அத்தை, எப்பப் பார்த்தாலும் பசிக்குது. ராத்திரி சாப்பாட்டை நிறுத்திட்டேன், அப்படியும் ரெண்டு கிலோ ஏறிட்டேன். எனக்கு ஏதாவது வியாதியா?" என்று கேட்டாய். போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நீ கேட்டது ஒரு கேள்வி இல்லை, மூன்று. அதிலும் போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். மெஸ்ஸில் வரிசையில் நிற்கும்போது படி.

முதலில் வியாதி. தண்ணீர் தாகம் அடங்காமல், அடிக்கடி சிறுநீர் போய், நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கிக்கொண்டே போனால் அது வேறு கதை, உடனே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, எடை குறைந்தாலும் பார்க்க வேண்டும். உனக்கு அதெல்லாம் இல்லை. நீ இரண்டு மாதமாகக் காலையும் மாலையும் மைதானத்தில் ஓடுகிறாய். பசிக்கிறது. பசிக்காமலிருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

உன் ஆயாவைப் பற்றிச் சொல்கிறேன். நீ பார்த்தது கடைசிக் காலத்தில் திண்ணையில் சுருண்டு கிடந்த கிழவியை. நான் பார்த்தவள் மரக்காணம் அளத்தில் தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் நடந்தவள். தை பிறந்தால் அங்கே வேலை தொடங்கும், ஆவணி, புரட்டாசி வரை போகும். மழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணீர், அளம் மூடிவிடும். வேலை இருக்கும் மாதங்களில் விடிவதற்கு முன்னே கிளம்பிவிடுவாள். வெயில் ஏறினால் உப்பின் வெள்ளையில் கண் கூசும், காலில் உப்புத் தண்ணீர் அரிக்கும் என்று இருட்டோடு போவார்கள். போகும்போது இடுப்பில் ஒரு தூக்குவாளி. அதில் கேழ்வரகுக் கூழ், நொய் போட்டது. மூடியில் சுட்ட கருவாடு ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு. ஏழு, ஏழரைக்கு வரப்பில் உட்கார்ந்து அதைக் குடித்துவிட்டுத்தான் மறு கூடை தூக்குவாள். கூலியைச் சனிக்கிழமை வரை பொறுப்பாள், முன்பணத்தில் பிடித்துக்கொண்டால்கூட வாயைத் திறக்க மாட்டாள். ஆனால் கூழுக்கு நேரம் தவறினால் மேஸ்திரியிடம் சண்டைக்குப் போய்விடுவாள்.

அப்படிப்பட்டவள் ஒரு வருஷம் கூழை நிறுத்தினாள். வீட்டில் கேழ்வரகு குறைவு. இருந்ததை எனக்கும் உன் அப்பாவுக்கும் ஊற்றிவிட்டு, வரக்காப்பி மட்டும் குடித்துவிட்டு அளத்துக்குப் போனாள். மத்தியானம் திரும்பி வந்தாலும் பசிக்கவில்லை என்பாள், முகம் கருத்திருக்கும், அப்படியே படுத்துவிடுவாள். ஒரு நாள் ராத்திரி எனக்கு விழிப்பு வந்தது. அடுப்படியில் ஏதோ சத்தம். போய்ப் பார்த்தால் விளக்குகூட ஏற்றாமல் நின்றபடி, மறுநாளுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றைச் சட்டியிலிருந்து அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். எதையோ திருடியவள் மாதிரி. எனக்கு அப்போது பத்து வயது. அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

உன் பிஸ்கட் பாக்கெட் சத்தம் கேட்டபோது எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது. அவளுக்கு அரிசி இல்லை. உனக்கு மெஸ்ஸில் சோறு இருக்கிறது, வேண்டாம் என்று நீயே எழுந்து வந்துவிடுகிறாய். ஆனால் உடம்புக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. வேலை வாங்கினாயா, கூலி கொடு என்று கேட்கும். காலையில் கொடுக்காவிட்டால் ராத்திரி வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

பசி வந்தால் வெட்கப்படுவது நம் கடற்கரையில் இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை பாப்பா. நீ பத்தாம் வகுப்பில் பேர் மட்டும் மனப்பாடம் செய்த பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படை ஒன்று, நல்லூர் நத்தத்தனார் பாடியது. அதில் வரும் எயிற்பட்டினம் நம் மரக்காணம்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடனின் கிடங்கில் என்ற ஊர் இன்றைய திண்டிவனத்தில் இருக்கிறது. அந்தப் பாட்டில் ஒரு பாணன் வீட்டு அடுப்படி வருகிறது. பசியில் மெலிந்த அவன் மனைவி குப்பைக் கீரையைக் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேக வைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்தால் வெட்கக்கேடு என்று கதவை அடைத்துக்கொண்டு குடும்பத்தோடு உண்கிறாள். உப்பு விளையும் கடற்கரையைப் பாடிய பாட்டில் உப்பில்லாத கீரை! அதே பாட்டில் எயிற்பட்டினத்துக்குப் போனால் நுளைச்சி அரித்த கள்ளும் சுட்ட குழல் மீனும் கிடைக்கும் என்றும் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்: பசித்தவளுக்குக் கதவை அடைக்கத் தோன்றுகிறது, கடற்கரைக்காரிக்கு மீனைச் சுடத் தோன்றுகிறது. நீ கடற்கரைக்காரி. போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஓட்டம் முடிந்து வந்ததும் பசிக்கவே இல்லை, பதினொரு மணிக்கு மேல்தான் வயிறு பிடுங்குகிறது என்றாய். இதை நான் வேலை பார்த்த சத்துணவுக் கூடத்தில் வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். விளையாட்டு விழா அன்று ஓடிவிட்டு வந்த பிள்ளைகள் தட்டை அப்படியே வைத்துவிடும். அதுவே மூன்றரை மணிக்கு, "டீச்சர், மிச்சம் இருக்கா?" என்று வரும். ஆயம்மா திட்டுவாள். வேகமாக ஓடும்போது உடம்பு பசியைத் தூண்டுகிற சுரப்பைக் கொஞ்ச நேரம் அடக்கி வைக்கிறது என்பது எனக்குப் பிற்பாடு படித்துத்தான் தெரிந்தது. அந்தச் சுரப்புக்குக் கிரெலின் என்று பெயர், 1999இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். வயிற்றிலிருந்து புறப்பட்டு மூளைக்குப் போய், சோறு கேள் என்று சொல்லுகிற சுரப்பு. ஓடி முடித்த கொஞ்ச நேரத்துக்கு அது சத்தம் போடாது. அந்த அமைதியை நம்பித்தான் நீ குளித்து, துணி துவைத்து, ஒன்பதரைக்கு மெஸ்ஸுக்குப் போய், "பசியே இல்லை, ரெண்டு இட்லி போதும்" என்கிறாய். ஒன்றரைக்கு வகுப்பு விடும்போது அண்டாச் சோறும் பத்தாது என்று தோன்றுகிறது.

அதனால் பசி வரட்டும் என்று காத்திருக்காதே. உன் ஆயா ஏழரைக்குக் கூழ் குடித்தது பசித்ததால் இல்லை, நேரம் ஆனதால்.

ஒன்று சொன்னால் நம்புவாயா? உடம்பு உழைப்பும் பசியும் பற்றி உலகமே எடுத்துப் பேசிய ஆராய்ச்சிகளில் ஒன்று நம் நாட்டுக் கூலியாட்களை வைத்துச் செய்தது. 1956இல் ழான் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும், பூர்ணிமா ராய், காமாக்யா பிரசாத் மித்ரா என்ற இரண்டு வங்காளிகளும் சேர்ந்து வெளியிட்டார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு சணல் ஆலை, 213 பேர். நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருப்பவர், எழுத்தர், இயந்திரம் ஓட்டுபவர், சணல் மூட்டை சுமப்பவர் என்று எல்லாரையும் எடுத்துக்கொண்டு, யார் எவ்வளவு சாப்பிடுகிறார், எவ்வளவு எடை என்று கணக்குப் போட்டார்கள். வேலை கூடக் கூடச் சாப்பாடும் கூடியது, ஆனால் எடை ஏறவில்லை, மூட்டை தூக்குபவன் நிறையத் தின்று ஒல்லியாகவே இருந்தான். வேடிக்கை மறு பக்கத்தில். உட்கார்ந்தே இருந்தவர்கள் லேசான வேலை செய்தவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள், எடையும் அவர்களுக்குத்தான் அதிகம். உடம்பை அசைக்காதவனுக்குப் பசியின் தராசு கெட்டுப்போகிறது, உழைக்கிறவனுக்கு அது சரியாக நிற்கிறது என்று மேயர் சொன்னார். ஒரே ஓர் ஆலை, எல்லாரும் ஆண்கள், உன் மாதிரிப் பெண் ஒருத்திகூட இல்லை, அதனால் அதையே வேதமாக எடுத்துக்கொள்ளாதே. ஆனாலும் மரக்காணம் அளத்தில் தொப்பை வைத்த உப்புக்காரியை நான் பார்த்ததில்லை. கரையில் குடை பிடித்து உட்கார்ந்து மூட்டை எண்ணுகிறவரைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியென்றால் எனக்கு ஏன் இரண்டு கிலோ ஏறியது என்று கேட்பாய். புதிதாக ஓட ஆரம்பித்தால் தசை சர்க்கரையைச் சேர்த்து வைக்கும். ஒரு கிராம் சர்க்கரையைச் சேர்த்து வைக்க மூன்று கிராம் தண்ணீரும் கூடவே தங்கும். ஆரம்பத்தில் ஏறும் எடையில் பெரிய பங்கு இதுதான். மீதி பிஸ்கட். போகட்டும், நீ எழுதப் போகிற இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பெண்களுக்கு உயரம் பார்க்கிறார்கள், பொதுவாக 159 சென்டிமீட்டர். 400 மீட்டரை 2 நிமிடம் 30 வினாடிக்குள் ஓடச் சொல்கிறார்கள். நீளம் தாண்டச் சொல்கிறார்கள். எந்த இடத்தில் தராசு வைத்திருக்கிறார்கள், காட்டு பார்க்கலாம். யாரும் கேட்காத எடைக்காக, எல்லாரும் கேட்கிற காலை ஏன் பட்டினி போடுகிறாய்?

ராத்திரி சாப்பாட்டை நிறுத்தச் சொன்னது ஒரு தோழி என்றாயே, அவளிடம் நான் கோபமாக இருக்கிறேன் என்று சொல். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டாள். செல்போனில் பார்த்திருப்பாள்.

இப்போது உன்னைத் திட்டுகிற முறை. நீ சொல்லாத ஒன்றை உன் அப்பா சொல்லிவிட்டான். சாயந்திரம் பயிற்சி முடிந்ததும் மைதானத்து வாசலில் பஜ்ஜிக் கடையில் கூட்டமாக நிற்கிறீர்களாமே. இதில் உன்னைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் நானும் காலையில் நடக்க ஆரம்பித்தேன். வீட்டிலிருந்து மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் வரை, சவுக்குத் தோப்பு ஓரமாக. திரும்பும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு டீக்கடை. இவ்வளவு தூரம் நடந்தோமே என்று ஒரு டீ. டீயைத் தனியாகக் குடிப்பானேன் என்று ஒரு வடை. வடை ஒன்று என்றால் மாமா முறைப்பார் என்று அவருக்கும் ஒன்று வாங்கி, அதையும் வழியிலேயே நான் தின்றுவிடுவேன். மூன்று மாதத்தில் மூன்று கிலோ ஏறினேன். நடைப்பயிற்சியால் எடை கூடுகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கணக்கு சுலபம். ஒரு கிலோமீட்டர் ஓடினால் உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு கலோரி செலவு. நீ 54 கிலோ. காலையில் நாலு கிலோமீட்டர் ஓடினால் 215க்குப் பக்கம். ஓர் இட்லி ஐம்பது கலோரி என்றால் நாலு இட்லியோடு கணக்குத் தீர்ந்தது. ஒரு பரோட்டாவும் சால்னாவும் அதை விழுங்கிவிட்டு மேலும் கடன் சொல்லும். அதனால் மனசுக்குள் இரண்டு பேர் பேசுவார்கள், யார் பேசுகிறார் என்று பார். "பசிக்குது, ஏதாவது கொடு" என்றால் அது வயிறு; கூழோ சுண்டலோ எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். "இவ்வளவு ஓடினேனே, எனக்குப் பஜ்ஜிதான் வேண்டும்" என்றால் அது பசி இல்லை, பரிசு கேட்கிறது. எனக்கு வடை கேட்டதும் அதுதான். பரிசு தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை கொடு. தினமும் கொடுத்தால் அது கூலி ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை என்றதும் ஞாபகம் வருகிறது. ஓடாத அன்றும் பசிக்கிறதே என்று பயப்படாதே. சனிக்கிழமை உழைப்பின் பசி ஞாயிற்றுக்கிழமை வரும், உடம்பு கணக்கை அன்றன்றைக்கே முடிப்பதில்லை. மாதவிலக்குக்கு முந்தைய வாரமும் கூடுதலாகப் பசிக்கும், பெண்ணுடம்புக்கு அது வழக்கம்.

சரி, என்ன சாப்பிடுவது? பெரிய பட்டியல் போட எனக்குப் பிடிக்காது. சத்துணவில் சேர்ந்த நாள் முதல் பட்டியல்தான். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். திட்டத்தைத் தொடங்கியபோது சோறும் சாம்பாரும்தான், அதுவே அமிர்தம். 1989இல் பதினைந்து நாளுக்கு ஒரு முட்டை வந்தது. 2010இல் வாரத்துக்கு ஐந்து. நடுவில் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு வந்து சேர்ந்தன. முப்பத்து நாலு வருஷம் அளந்து போட்டதில் நான் கண்டது ஒன்றுதான்: வெறும் சோற்று நாளில் சாயந்திரம் பிள்ளைகள் பசி என்று வரும், முட்டையும் பயறும் போட்ட நாளில் வராது. அரிசி அதே அளவுதான். நம் பக்கத்து அகதி முகாமிலிருந்து வந்த இலங்கைப் பிள்ளைகள் முதலில் சாம்பாரைத் தொடமாட்டார்கள், சொதி கேட்பார்கள். பயறு போட்ட அன்று அவர்களும் தட்டை வழித்துவிடுவார்கள்.

புரதம்தான் அங்கே வேலை செய்தது. சாதாரணமாக உன் எடைக்கு நாளுக்கு 45 கிராம் போதும். இப்படிப் பயிற்சி செய்கிறவளுக்கு 65க்குக் குறையாமல் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி மல்லாட்டையில் 7, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 கிராமுக்கு மேல். கவலை மீன் 100 கிராம் என்றால் 20 வந்துவிடும், விழுப்புரத்தில் எப்படிக் கிடைக்கிறதோ தெரியாது, இங்கே கூடையில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். மெஸ்ஸில் உன் தட்டில் சோறு மலையாகவும் கூட்டு பொட்டாகவும் இருக்கும். அதைத்தான் மாற்ற வேண்டும். ஒரு கரண்டி சோறு குறைத்து, பருப்போ பயறோ ஒரு கரண்டி அதிகம் கேள். கொடுக்க மாட்டார்கள் என்றால் முட்டை வெளியே வாங்கு.

பயிற்சி இடத்தில் ஒருவர் டப்பா மாவு விற்கிறார் என்றாயே, அதை வாங்காதே. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் புரத மாவைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. அந்த டப்பாவின் விலைக்கு எத்தனை மாதம் முட்டை வாங்கலாம் என்று நீயே வகுத்துப் பார். கணக்கில் நீ கெட்டி.

இனி நேரம். ஐந்து மணிக்கு மைதானத்துக்குப் போகும் முன் ஒரு வாழைப்பழமோ ஒரு டம்ளர் கஞ்சியோ போதும், வயிறு கனக்கக் கூடாது. ஏழரைக்குப் பயிற்சி முடிந்ததும் குளிக்கப் போகாதே. முதலில் தண்ணீர், முடிந்தால் உப்புப் போட்ட மோர். உன் வியர்வையில் மரக்காணமே போகிறது, அதைத் திருப்பிப் போடு. பிறகு பையில் வைத்திருக்கும் இரண்டு அவித்த முட்டையும் ஒரு கைப்பிடி மல்லாட்டையும். அதன் பிறகு குளி, துவை, ஒன்பதரைக்கு மெஸ்ஸில் இட்லி சாப்பிடு. ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் இருக்கிற அந்த இரண்டு மணி நேரத்தில்தான் உன் ராத்திரிப் பசி முளைக்கிறது. அதை அடைத்தாலே பாதி தீர்ந்தது என்று நினைக்கிறேன். மாலையில் ஐந்து மணி ஓட்டத்துக்கு முன் சுண்டல். ராத்திரி எட்டரைக்கு மெஸ் சாப்பாடு. அதைச் சாப்பிட்டே ஆக வேண்டும், நிதானமாக, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு. வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேரக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் மூன்றாம் தோசை போய்விடுகிறது.

வீட்டுக்கு வரும்போது உங்கம்மாவிடம் பழைய சோறு கேள். கௌரவக் குறைச்சல் என்று நினைக்காதே. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் நோயாளிகளுக்கே அதைக் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். தயிர், சின்ன வெங்காயம், வறுத்த நெத்திலியோடு குடித்தால் பன்னிரண்டு மணி வரை பசி எட்டிப் பார்க்காது.

அப்புறம் தூக்கம். பத்தரைக்குக் குரல் பதிவு அனுப்பியவள் நாலரைக்கு எழுந்திருக்கிறாய். 2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டே ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் சுரப்பு ஏறியது, போதும் என்று சொல்லும் சுரப்பு இறங்கியது. அவர்கள் கேட்டதும் இனிப்பும் மொறுமொறுப்பும்தான், கீரை கேட்கவில்லை. உன் ஆயா அளத்து மாதங்களில் எட்டு மணிக்கே படுத்துவிடுவாள். உனக்கு எட்டு வேண்டாம், ஒன்பதரை போதும். அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தால் பிஸ்கட் தின்ன வாயே இருக்காது.

இனி நான் சொல்வதை மெஸ் வரிசையில் படிக்காதே, அறைக்குப் போய்ப் படி. பயிற்சி கூடி, சாப்பாடு குறைந்தால் பெண்ணுக்கு முதலில் நிற்பது மாதவிலக்கு. சில பயிற்சிக்காரர்களே அதை நல்ல அறிகுறி என்று சொல்வார்களாம், பைத்தியக்காரத்தனம். எலும்பு தேய்வதும், சின்ன அடியில் விரிசல் விடுவதும் பின்னாலேயே வரும். மூன்று மாதம் வராவிட்டால் பெண் மருத்துவரைப் பார், எனக்கும் சொல். இன்னொன்று ரத்தம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காடு பேருக்கு ரத்தச் சோகை இருந்தது. இரண்டு பேரில் ஒருத்தி. உன் அறையில் நாலு பேர் என்றால் இரண்டு பேர். மூச்சு வாங்கி, கால் துவண்டு, 400 மீட்டரில் கடைசி நூறு மீட்டர் கரையாமல் நிற்கிறது என்றாயே, அது பயிற்சிக் குறைவாகவும் இருக்கலாம், ரத்தக் குறைவாகவும் இருக்கலாம். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல், காசு கேட்க மாட்டார்கள். முருங்கைக்கீரை சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள். சாப்பாட்டோடு டீ குடிக்காதே, ஒரு மணி நேரம் தள்ளிக் குடி. டீ இரும்புச்சத்தை உடம்பில் ஏறவிடாது. சத்துணவுக்கூடத்தில் இரும்பு மாத்திரையைப் பிள்ளைகள் வாயில் போட்டு விழுங்கும் வரை நான் எதிரில் நின்றிருக்கிறேன். உன் எதிரில் நிற்க முடியவில்லை, அதுதான் கடிதம்.

உன் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. பஜ்ஜி சேதி அவனிடமிருந்து வந்ததே தவிர, என்னிடமிருந்து அவனுக்கு ஒன்றும் போகவில்லை. பிஸ்கட் நமக்குள் இருக்கட்டும்.

வரும் வியாழக்கிழமை அவன் விழுப்புரத்துக்கு வருகிறான். ஒரு படி மல்லாட்டை வறுத்துக் கொடுத்தனுப்புகிறேன், இந்தப் பட்டத்துப் புதுக் காய். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்து ரகம். ஊரின் பெயரைச் சுருக்கித்தான் அதற்கு டி.எம்.வி. என்று வைத்தார்கள் என்று உன் அறைத் தோழிகளிடம் பெருமையாகச் சொல். கூடவே சென்னாக்குன்னிப் பொடி இருக்கும், மெஸ் சோற்றில் ஒரு ஸ்பூன் போதும். மூடியை இறுக்கி மூடு, இல்லாவிட்டால் அறை முழுக்க வாசனை அடித்து வார்டன் வந்துவிடுவார். தோழிக்கும் கொடு, நான் கோபமாக இருக்கிறேன் என்று சொன்ன பிறகு கொடு.

இரண்டு எவர்சில்வர் டப்பாவும் எனக்குத் திரும்பி வர வேண்டும். போன தடவை அனுப்பியது இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
உன் அத்தை.